12ஆம் நிமிடத்தில் அணைந்த புரொஜெக்டர்

போன சனிக்கிழமை காலை 8.40க்குப் போட்ட புரொஜெக்டரை 10.55க்கு நானே அணைத்தேன். அதற்கு முந்திய ஆறு வாரமும் அதை அணைக்கும் வேலை எனக்கு வரவில்லை. பெரும்பாலும் 12ஆம் நிமிடத்தில், சில நாள் 10ஆம் நிமிடத்தில், அது தானாகவே அணைந்துவிடும். என்ன பிழை, எங்கே காசை வீணாக்கினேன், கடைசியில் எது சரிவந்தது என்பதை மறக்க முன்னம் எழுதி வைக்கிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாசிகசாலை மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு இலவச விஞ்ஞான வகுப்பு. நாற்பது பேர் வரை வருவார்கள். இதயத்தின் நான்கு அறைகளையும் வெண்பலகையில் கீறிக் காட்டுவதற்குள் அரை மணித்தியாலம் போய்விடும். திரையில் அசையும் படமாகக் காட்டினால் ஐந்து நிமிடம். அதனால் அந்த மெஷின் எங்களுக்குப் பெரிய சொத்து. 2017இல் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து வாங்கித் தந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒன்றாக மூன்று எல்சிடி தகடு உள்ள வகை, 1024 × 768, 200 வாட் லாம்ப்.

நோயின் அடையாளம் இதுதான். போட்டதும் படம் நன்றாக வரும். பத்து நிமிடம் போனதும் உள்ளே ஃபேன்களின் சத்தம் கூடும். பிறகு வெப்ப விளக்கு சிவப்பாகி, படம் போய்விடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப வரும், திரும்ப அணையும்.

பம்பலப்பிட்டியில் ஒரு திருத்தகத்துக்குக் கொண்டுபோனேன். திறந்தும் பார்க்காமல், போர்டு மாற்ற வேணும், 38,000 ரூபாய் என்றார்கள். எங்கள் மண்டபத்து உண்டியலில் அவ்வளவு இல்லை. மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் வந்தேன்.

வீட்டுக்கு வந்து மெனுவில் லாம்ப் மணியைப் பார்த்தேன். 2,840. கையேட்டில் 4,000 மணி என்று இருந்தது. முக்கால்வாசி தேய்ந்த லாம்ப், அதுதான் கூடச் சூடாகிறது என்று முடிவுகட்டினேன். எந்த அளவும் எடுக்காமல் எடுத்த முடிவு அது. கூட்டோடு வரும் லாம்ப் ஒன்றை 23,500 ரூபாய்க்கு வாங்கினேன். பூட்டுவது சுலபம்: பிளக்கைக் கழற்றி ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, மூடியின் ஒரு ஸ்குரூவையும் கூட்டின் இரண்டு ஸ்குரூவையும் தளர்த்தி இழுத்தால் வந்துவிடும். கண்ணாடியில் விரல் படக்கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது, எரியும்போது 200 வளிமண்டல அழுத்தம் வரை ஏறும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சூடான லாம்பைக் கழற்றவே வேண்டாம். பூட்டிய பிறகு மெனுவில் லாம்ப் மணியைப் பூச்சியமாக்கினேன்.

படம் பளிச்சென்று வந்தது. திரையின் நடுவில் கைபேசியை வைத்து ஒளியை அளந்தேன். பழைய லாம்பில் 210 லக்ஸ், புதியதில் 340. பின்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். 11ஆம் நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த வாரம் இன்னொரு பிழையும் விட்டேன். நண்பர் ஒருவரின் கடையில் கொம்பியூட்டர் தூசி ஊதும் 600 வாட் புளோவரை இரவல் வாங்கி, காற்று வெளியேறும் கிறில் வழியாக உள்ளே ஊதினேன். தூசி முகில் போல வெளியே வந்தது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் வெளியே வந்தது பாதிதான். மீதி காற்றுப் பாதைக்கு எதிர்த்திசையில் போய் ஒளி போகும் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை திரையில் மூன்று மங்கலான திட்டுகள். அதோடு ஊதும்போது வெளியேற்றும் ஃபேன் அதன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்றது. சிறு சத்தம் ஒன்று அன்றிலிருந்துதான் தொடங்கியது. ஃபேனின் இறகை ஒரு இயர்பட் குச்சியால் பிடித்துக்கொண்டு, வெளியில் இருந்து உள்ளே அல்லாமல் உள்ளிருந்து வெளியே, தூரிகையால் தட்டித் தட்டி எடுத்திருக்க வேண்டும்.

திருப்பம் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருக்கும் மாமாவால் வந்தது. அவர் இளம் வயதில் கொழும்பில் ஒரு படமாளிகையில் ஒப்பரேட்டராக இருந்தவர். கார்பன் குச்சி இரண்டை எரித்து அந்த வெளிச்சத்தில் படம் ஓட்டிய காலம். நான் மேசையில் மெஷினை ஓடவிட்டுக்கொண்டு லாம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே உள்ளங்கையை கிறிலுக்கு நேரே பிடித்தார்.

“தம்பி, கையை இதில வைச்சுப் பார். காத்து வருதோ?”

வைத்தேன். சூடு இருந்தது. தள்ளிக்கொண்டு வரும் காற்று இல்லை.

“எங்கட காலத்தில லாம்ப் பெட்டிக்கு மேல புகைபோக்கி இருக்கும். அது அடைச்சா முதலில சூடுதான் காட்டும். நீ வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறாய். காத்தைப் பார்.”

அன்று இரவே ஒரு சோதனை செய்தேன். இந்த மெஷினின் மெனுவில் மலைப்பிரதேசத்துக்கான ஒரு நிலை உண்டு. 1,500 மீற்றருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு என்பதால் ஃபேன்களை வேகமாகச் சுழல வைப்பது. 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவுக்குத் தேவைப்படலாம், வெள்ளவத்தைக்கு அல்ல. ஆனாலும் அதைப் போட்டேன். 11 நிமிடம் ஓடியது 19 நிமிடம் ஓடியது. காற்றைக் கூட்டியதும் இவ்வளவு வித்தியாசம் என்றால், முதலில் பார்க்க வேண்டியது காற்றுப் பாதையைத்தான். ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனையை நான் முதல் நாளே செய்திருந்தால் 23,500 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

அடுத்த நாள் 4,200 ரூபாய்க்கு வெப்பம் அளக்கும் வயரோடு வரும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். வயரின் நுனியை கிறிலில் இருந்து ஒரு அங்குலம் தள்ளி ஒட்டினேன். அறையில் 31 பாகை. மலை நிலையை எடுத்துவிட்டு ஓட்டினேன். 3ஆம் நிமிடத்தில் 52, 6இல் 64, 9இல் 73, 11 தாண்டியதும் 79இல் அணைந்தது. இந்த நான்கு எண்களையும் ஒரு கொப்பியில் எழுதினேன். அதன் பிறகு செய்த ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் இதே அளவைத் திரும்ப எடுத்தேன். வேலை முன்னேறுகிறதா என்று இனி ஊகிக்கத் தேவையிருக்கவில்லை.

முதலில் ஃபில்டர். பக்கத்துக் கதவைத் திறந்து எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வெளிச்சம் ஊடே வரவில்லை. தூசி மட்டும் இல்லை. விரலில் ஒட்டும் கபில நிறப் பசை. மண்டபத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவோம். அந்தப் புகையின் பிசின் நாரில் படிந்து, அதன்மேல் காலி வீதித் தூசி ஒட்டி, கடல் காற்றின் ஈரத்தில் இறுகியிருக்கிறது. இன்னொரு காரணமும் நான்தான். 2021இல் இதைச் சவர்க்காரம் போட்டுக் குழாயில் கழுவினேன். இது கழுவக்கூடாத நார் வகை. கழுவினால் நார் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், தூசியைப் பிடிக்கும் மின்னேற்றமும் போய்விடும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை.

புது ஃபில்டர் 2,800 ரூபாய். போட்டு அளந்தேன். 14 நிமிடம் ஓடியது. முன்னேற்றம்தான், ஆனால் 79ஐத் தொட்டு அணைந்தது. அடைப்பு உள்ளேயும் இருந்தது.

உடம்பைத் திறக்கும் வேலைக்கு ஒரு இரவு முழுக்கப் பிளக்கைக் கழற்றி வைத்தேன். பவர் பகுதியின் பெரிய கொண்டென்சரில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், அவசரப்படக்கூடாது. மேல் மூடிக்கு ஏழு ஸ்குரூ. அதில் மூன்று 6 சென்ரிமீற்றர் ஆழக் குழிக்குள். சாதாரண ஸ்குரூடிரைவர் எட்டவில்லை. நுனியில் காந்தம் உள்ள நீளமானது ஒன்று தேவைப்பட்டது. கடல் காற்றில் இரண்டு ஸ்குரூ துருப்பிடித்திருந்தன. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்துதான் திருப்பினேன். கழற்றக் கழற்ற முட்டைத் தட்டின் ஒவ்வொரு குழிக்குள்ளும் போட்டு, எந்தக் குழி எந்த இடம் என்று பேப்பரில் எழுதினேன். மூடியைத் தூக்கும்போது பட்டன்களுக்குப் போகும் பட்டை வயர் இழுபட்டது. மெதுவாகத் தூக்கியதால் தப்பியது. அதை முதலில் கழற்ற வேண்டும்.

உள்ளே மூன்று காற்று வழிகள். கீழே இருந்து எல்சிடி தகடுகளுக்கு ஊதும் புளோவர், லாம்புக்கு ஊதும் இன்னொன்று, எல்லாச் சூட்டையும் வெளியே இழுக்கும் 80 மில்லிமீற்றர் ஃபேன். முதல் இரண்டின் இறகிலும் தூசி விளிம்பு கட்டியிருந்தது. ஒரு அங்குல பெயின்ற் தூரிகையாலும், ஐசோபுரோபைல் அல்கஹோல் தோய்த்த இயர்பட்டாலும் துடைத்தேன். ஒரு மணித்தியாலம் போனது. பிறகு ஒவ்வொன்றையும் விரலால் சுண்டினேன். இரண்டு புளோவரும் நான்கு ஐந்து சுற்றுச் சுற்றி நின்றன. வெளியேற்றும் ஃபேன் அரைச் சுற்றில் நின்றது.

ஆக, அதன் பெயாரிங் காய்ந்துவிட்டது. பின்பக்க ஸ்டிக்கரை உரித்து தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். நான்கு சுற்றுச் சுற்றியது. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் 40 நிமிடம் ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம். 41ஆம் நிமிடத்தில் கரகர என்று சத்தம் கேட்டு, அணைந்தது. எண்ணெய் ஒரு வாரத்தைக் கடன் தரும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் எலெக்ட்ரோனிக் சாமான் கடைகள். லேபிளில் இருந்ததை எழுதிக்கொண்டு போயிருந்தேன்: 12 வோல்ட், 0.25 அம்பியர், 80 × 80 × 25. ஒரு கடையில் அதே அளவு 650 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பூட்டினால், பத்தாவது செக்கனில் ஃபேன் பிழை காட்டி நின்றுவிட்டது. ஃபேன் அழகாகச் சுழல்கிறது, ஆனால் மெஷின் ஏற்கவில்லை.

திரும்பப் போனேன். இந்த முறை பழைய ஃபேனையும் கையில் கொண்டுபோனேன். பக்கத்துக் கடை நானா வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, நீங்க வாங்கினது ரெண்டு வயர். உங்கட மெஷினுக்கு மூணு வயர் வேணும். மூணாவது வயர்தான் ஃபேன் சுத்துதெண்டு போர்டுக்குச் சொல்றது. அது இல்லாட்டி போர்டு நம்பாது.”

பழையதில் மூன்றாவது வயர் நீலம், அவர் எடுத்துத் தந்ததில் மஞ்சள். இரண்டும் அதே வேலைக்கான சமிக்ஞை வயர் என்று லேபிளைக் காட்டிச் சொன்னார். 1,400 ரூபாய். “பழைய சாமானைக் கொண்டு வந்தாத்தான் சரியானதைத் தர ஏலும்” என்றும் சொன்னார். நான் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போனது பிழை.

பிளக் பொருந்தவில்லை. பழைய ஃபேனின் வயரைப் பிளக்கில் இருந்து 5 சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, புதிய ஃபேனில் ஒட்டினேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, நீலத்துக்கு மஞ்சள். சூட்டில் சுருங்கும் குழாயை ஒட்ட முன்னமே வயரில் ஏற்றிவிட வேண்டும். நான் ஒரு வயரில் மறந்து, திரும்பக் கழற்றி ஒட்டினேன். ஃபேனின் பக்கத்தில் காற்று போகும் திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். அது கிறிலைப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஃபேனுக்கு வரும் மின்னழுத்தத்தையும் அளந்தேன். சாதாரணமாக 7.2 வோல்ட், மலை நிலையில் 11.6. அதாவது மெஷின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தை மாற்றுகிறது. 12 வோல்ட் ஃபேன் என்று எதையாவது வாங்கினால் போதாது, 7 வோல்ட்டிலும் தயங்காமல் தொடங்க வேண்டும்.

மூடியைப் பூட்டி, வயரை ஒட்டி, கொப்பியைத் திறந்தேன். 3ஆம் நிமிடத்தில் 44. 6இல் 51. 9இல் 55. 15இல் 57. அரை மணித்தியாலம், 57. ஒரு மணித்தியாலம், 57. கீழ் வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. கையை கிறிலில் பிடித்துவிட்டு, “ம், இப்ப வருது” என்றார்.

ஒரு விஷயத்தை உறுதிப்படுத்த விரும்பினேன். பழைய லாம்பைத் திரும்பப் பூட்டி ஓட்டினேன். அதிலும் 57, 58. ஆக அந்த லாம்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை. வகுப்பில் கறுப்புத் திரைச்சீலை போடுகிறோம், 210 லக்ஸ் போதும். அதனால் பழையதையே விட்டு, புதியதைப் பெட்டிக்குள் வைத்தேன். மெனுவில் மணி பூச்சியத்தில் இருந்து எண்ணுகிறது. மெஷினின் அடியில் “இந்த லாம்ப் ஏற்கனவே 2,840 மணி, மெனுவில் உள்ளதோடு கூட்டவும்” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மொத்தத்தில் திருத்தியது 2,800 ரூபாய் ஃபில்டரும், 1,400 ரூபாய் ஃபேனும், 450 ரூபாய் அல்கஹோலும். 4,650.

அடுத்தது திட்டுகள். மெஷினில் வெறும் வெள்ளைப் படம் போட்டால் ஒன்று இளஞ்சிவப்பு நிழல், இரண்டு மஞ்சள் நிழல். வெறும் கறுப்புப் படம் போட்டால் அதே இடங்களில் ஒன்று பச்சையாகவும் இரண்டு நீலமாகவும் மினுங்கும். ஆகவே ஒரு தூசி பச்சைத் தகட்டில், இரண்டு நீலத் தகட்டில். இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், தாவரக் கலத்தின் படம் போட்ட நாளில் ஒரு பிள்ளை அந்தத் திட்டையும் புன்வெற்றிடம் (கலத்துக்குள் இருக்கும் பை போன்ற பகுதி) என்று நினைத்துக் கொப்பியில் கீறியிருந்தாள். அழகாக, பெயரும் குறித்து. பார்த்ததும் மனம் கஷ்டப்பட்டது.

தகடுகளைத் தொடவில்லை. மூன்றும் கண்ணாடிப் பட்டகத்தைச் சுற்றி மிக நுட்பமாகப் பொருந்தியிருக்கின்றன, அசைத்தால் மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. கீழ்ப் புளோவரைக் கழற்றி, அது ஊதும் துவாரம் வழியாக, கமெராக்காரர் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் கீழிருந்து மேலே சிறிது சிறிதாக ஊதினேன். இருபது தரம் ஊதி, பூட்டி, ஓட்டிப் பார்த்து, திரும்பக் கழற்றி. பச்சைத் திட்டு போனது. ஒரு நீலம் போனது. கடைசி நீலம் அசையவில்லை. அது தகட்டுக்கும் அதன் முன்னால் உள்ள கண்ணாடிக்கும் இடையில் இருக்கிறது போலும்.

மண்டபத்தில் இந்த மெஷின் கூரையில் இருந்து கம்பியில் தொங்கும். திருத்திய பிறகு திரும்பத் தொங்கவிட்டதும் அளவு 57இல் இருந்து 64க்கு ஏறியது. ஏணியில் ஏறி வெப்பத்தை அளந்தேன். மேசை உயரத்தில் 31, கூரையில் இருந்து ஒரு அடி கீழே 37. சீற் கூரை, பகல் வெயில். இத்தனை வருடமும் மெஷின் அந்த 37ஐத்தான் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கம்பியை ஒன்றரை அடி நீட்டி இறக்கினேன், வெல்டிங்குக்கு 1,500. இப்போது 60இல் நிற்கிறது.

கடைசியாக 17,500 ரூபாய்க்கு 650 விஏ யுபிஎஸ் ஒன்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டிய காலத்தில், இந்த மெஷின் எத்தனையோ தரம் சூட்டோடு சூடாக நின்றது. லாம்ப் அணைந்த பிறகும் ஃபேன்கள் ஓடி ஆற்ற வேண்டும், அதற்குக் கறண்ட் வேண்டும். வகுப்பை நடத்த இந்த யுபிஎஸ் போதாது. ஆனால் கறண்ட் போன உடனே ரிமோட்டில் அணைத்தால் ஆறும் வரை தாங்குகிறது. பார்த்தேன், நான்கு நிமிடம் நின்றது. அந்தக் காலத்திலேயே இதை வாங்கியிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அந்த நேரத்தில் மெஷினுக்கு ஒரு துணி உறை போடுகிறோம், பொறுப்பாளர் ஐயாவே தைத்துத் தந்தார். பொயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் மண்டபம் பூட்டு, அதனால் ஒவ்வொரு பொயாவும் ஃபில்டரை எடுத்து, கழுவாமல், தூரிகையால் தட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது என்று முடிவு. கிறிலின் வெப்பத்தையும் அன்றே எழுதுவேன். 65க்கு மேல் போனால் மூடியைத் திறப்பேன்.

அந்த ஒரு நீலத் திட்டு திரையின் இடப்பக்க மேல் மூலையில் இருக்கிறது. வகுப்பு எடுக்கும் ஆசிரியை தன் படங்களை எல்லாம் வலப்பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறார். அடுத்த பொயாவுக்கு ரப்பர் ஊதியின் நுனியில் மெல்லிய குழாய் ஒன்றைப் பூட்டி இன்னொரு தரம் முயற்சி செய்யப்போகிறேன்.